பழைய பாட்டைப் படத்தில் வைக்கிற பழக்கத்தைத் தொடங்கியது யார்? (அமெரிக்க சினிமா)

வாசகர் ஒருவரின் கேள்வி: ஜூன் 2, மாலை 6.40

ஹாலிவுட்டில் பாட்டு என்றாலே பழைய மியூசிக்கல் படங்கள்தான். அதில் எல்லாமே அந்தந்தப் படத்துக்கென்று போட்ட பாட்டுகள். பிறகு பாட்டே இல்லாமல் பின்னணி இசை மட்டும் என்று ஆகிவிட்டது. 1992-ல் இயக்குநர் டாரண்டினோ வந்துதான் எங்கேயோ கிடந்த ரெக்கார்டுகளை எடுத்துக் காட்சிகளில் வைத்தார், எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். சரிதானே? ஒலித்துறையில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 11.10

சரியில்லை. அமெரிக்கப் பேசும்படம் பிறந்ததே பழைய பாட்டோடுதான்.

'தி ஜாஸ் சிங்கர்' 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியானது. அதில் அல் ஜோல்சன் பாடும் 'டூட் டூட் டூட்ஸி' 1922-ல் அவரே ரெக்கார்டாகக் கொடுத்தது. 'புளூ ஸ்கைஸ்' இர்விங் பெர்லின் 1926-ல் ஒரு பிராட்வே நாடகத்துக்காக எழுதியது. கொட்டகைக்கு வந்தவர்களுக்குப் பாட்டும் தெரியும், பாடுகிறவரையும் தெரியும். அந்தப் பாட்டு திரையிலிருந்து வருகிறது என்பதுதான் புதுசு. வார்னர் பிரதர்ஸ் தெரியாத பாட்டை வைத்து அந்தப் பரீட்சையை நடத்தவில்லை.

மீதி நாளைக்கு. காலையில் மிக்ஸிங் (ஒலிக்கலவை) வேலை இருக்கிறது.

ஜூன் 3, காலை 7.20

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ஜோல்சன் அந்தப் படத்தில் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர் வேடத்தில் பாடுகிறார். அந்தக் காலத்து மேடை வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அமெரிக்க வெகுசனப் பாட்டின் பெரும்பகுதி கறுப்பினத்தவரிடமிருந்து வந்தது. அதன் முதல் பெரிய திரைத் தருணத்தில் அவர்களுடைய இடத்தில் கரி பூசிய ஒருவர் நிற்கிறார். இந்த வரலாற்றைப் பேசும்போது அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒலி விஷயம்: அந்தப் படம் ஓடிய வைட்டாஃபோன் முறையில் ஒலி ஃபிலிமில் கிடையாது. 16 அங்குல இசைத்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். முள் உள்ளிருந்து வெளியே ஓடும். ஃபிலிம் அறுந்து ஆபரேட்டர் நாலு ஃபிரேமை வெட்டி ஒட்டினால் அதற்கப்புறம் அந்த ரீல் முழுக்க உதடும் குரலும் பிசகும். அதனால் வெட்டிய அளவுக்குக் கறுப்பு ஃபிரேம்களைச் சேர்த்து ஒட்ட வேண்டும். வெட்டிய துண்டு எத்தனை ஃபிரேம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஆபரேட்டரை நினைத்தால் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. என் முதல் நாலு வருட வேலையும் ஏறக்குறைய அதுதான்.

ஜூன் 3, இரவு 10.05

பிளேபேக் நம் ஊர்ச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பின்னணிப் பாடகரை நட்சத்திரமாக்கியது நாம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதலில் பாட்டைப் பதிவு செய்துவிட்டு அதற்கு ஆடுவது 1929-லேயே ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் நடந்தது. 'தி பிராட்வே மெலடி' படத்தில் 'தி வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்' என்கிற நடனம் எடுத்த விதம் தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்குக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடி என்றால் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மறுபடி சம்பளம். ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர், ஒலி நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஸ்பீக்கரில் போட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்தால் போதுமே என்றார். காசை மிச்சம் பிடிக்கப் போய் பிறந்த முறை அது.

1995-ல் பொள்ளாச்சிப் பக்கம் பாட்டு ஷூட்டிங்குகளில் நாகரா டேப் ரெக்கார்டரை ஓட்டியது நான்தான். டேப்பில் ஒவ்வொரு சரணம் தொடங்கும் இடத்திலும் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டிருப்பேன். ஒருநாள் வயலுக்கு நடுவே லாங் ஷாட். ஸ்பீக்கர் ஃபிரேமுக்குள் வந்துவிடும் என்று 200 அடி தள்ளி வைத்தோம். எடிட்டிங்கில் பார்த்தால் உதடு பின்தங்குகிறது. ஒலி 200 அடி கடக்க எடுக்கும் நேரத்தில் 4 ஃபிரேம் ஓடிவிடும். ஆடியவர்கள் மேல் தப்பே இல்லை, அவர்கள் காதுக்கு வந்ததைத்தான் ஆடினார்கள். ஒலி காற்றில் நடந்து வருகிற ஒரு பொருள் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஜூன் 4, பகல் 1.30

ஹாலிவுட்டில் பின்னணி பாடியவர்கள் யார் என்று கேட்டவருக்கு. மார்னி நிக்சன். 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நடாலி வுட், 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன், மூன்று பேருக்கும் பாடியவர் அவர். மூன்றிலுமே திரையில் பெயர் கிடையாது. பின்னணிப் பாடகர் பெயரைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுக்கும் ஊரிலிருந்து பார்த்தால் இது எனக்கு ஆறாத விஷயம். 1965-ல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னியாஸ்திரியாகச் சின்ன வேடத்தில் வருகிறார். அவர் குரலும் முகமும் ஒன்றாக வரும் அந்தச் சில நிமிடங்களை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 5, இரவு 9.45

மியூசிக்கல்களில் 'எல்லாமே அந்தப் படத்துக்கென்று போட்ட பாட்டுகள்' என்ற பகுதிக்கு வருகிறேன்.

ஒலி வந்ததும் ஸ்டுடியோக்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று பாட்டுப் பதிப்பகங்களை விலைக்கு வாங்கியது. 1929-ல் வார்னர் மட்டும் விட்மார்க், ரெமிக், ஹார்ம்ஸ் என்று மூன்று பெரிய பதிப்பகங்களை வாங்கிப் போட்டது. நியூயார்க்கில் டின் பான் ஆலி என்று பெயர் வாங்கிய பாட்டு வியாபாரம் அப்படியே ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தது. வாங்கிய பாட்டைச் சும்மா வைத்திருப்பார்களா? 1931-ல் தொடங்கிய மெர்ரி மெலடீஸ் கார்ட்டூன்களில் வார்னருக்குச் சொந்தமான ஒரு பாட்டாவது வந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். குழந்தைகள் பார்த்துச் சிரித்த கார்ட்டூன் பாட்டு விற்கவும் உதவியது.

'சிங்கின் இன் த ரெய்ன்' (1952) எல்லோருக்கும் பிடித்த மியூசிக்கல். அதன் பாட்டுகள் எல்லாமே பழையவை. பெரும்பாலும் ஆர்தர் ஃப்ரீடும் நாசியோ ஹெர்ப் பிரவுனும் 1920, 30-களில் எழுதியவை. தலைப்புப் பாட்டே 1929-ல் வேறொரு எம்.ஜி.எம். படத்தில் வந்துவிட்டது. ஃப்ரீட் பிற்பாடு தயாரிப்பாளராகி, கையிலிருந்த பழைய பாட்டுகளுக்கு ஒரு கதை எழுதச் சொன்னார். கதை பிறகு, பாட்டு முன்பு.

ஜூன் 5, இரவு 10.20

திருத்தம். 'எல்லாமே பழையவை' என்று எழுதியது தப்பு. 'மேக் எம் லாஃப்', 'மோசஸ் சப்போசஸ்' இரண்டும் அந்தப் படத்துக்கு எழுதியவை.

இன்னொன்றும் சேர்க்கிறேன். ஒரு நடிகைக்கு இன்னொருத்தி ரகசியமாகக் குரல் கொடுப்பதுதான் அந்தப் படத்தின் கதையே. குரல் கொடுப்பவளாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே 'வுட் யூ' பாட்டில் பெட்டி நாய்ஸ் என்பவர் பாடியிருக்கிறார். அவர் பெயரும் திரையில் இல்லை.

ஜூன் 6, இரவு 11.50

இனி நான் உண்மையிலேயே எழுத நினைத்த இடம். 'காசாபிளாங்கா' (1942), 'ஆஸ் டைம் கோஸ் பை'.

ஹெர்மன் ஹப்ஃபெல்ட் இதை 1931-ல் ஒரு பிராட்வே நாடகத்துக்காக எழுதினார். ரூடி வாலி பாடி ரெக்கார்டு வந்தது, ஓரளவு ஓடியது, மறந்துபோனது. மறக்காதவர் ஒருவர் இருந்தார். அந்தப் படத்துக்கு மூலமான, மேடையேறாத நாடகத்தை எழுதிய இருவரில் ஒருவரான மர்ரி பர்னெட். கல்லூரி நாட்களில் அவருக்கு உயிரான பாட்டு அது. நாடகப் பிரதியிலேயே பெயரோடு எழுதி வைத்துவிட்டார். ஒரு மாணவன் தன் அறையில் தேய்த்த ரெக்கார்டு இப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்த காதல் பாட்டாகிறது.

இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனருக்கு அது பிடிக்கவில்லை. தானே வேறொரு பாட்டு போடுகிறேன் என்றார். அதற்குச் சில காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். இங்க்ரிட் பெர்க்மன் அதற்குள் அடுத்த படத்துக்காக முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டார். பாட்டு தப்பியது. ஸ்டைனரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர் அந்த மெட்டை எடுத்துப் படம் முழுக்கப் பின்னணியில் இழைத்தார். பிடிக்காத பாட்டுக்கு அவ்வளவு உழைப்பு. எங்கள் தொழிலில் இதைப் பெரிய குணம் என்று நினைக்கிறேன்.

காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பெர்க்மன் நடித்த நாயகி, விடுதியின் பியானோக்காரன் சாமிடம் வாசிக்கச் சொல்கிறாள். ஞாபகமில்லை என்று அவன் நழுவுகிறான். அவளே முணுமுணுத்து எடுத்துக் கொடுக்கிறாள். அவன் பாடத் தொடங்கியதும் கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது, அவள் பேசுவதில்லை. பாட்டு அந்த அறையில் இருக்கும் ஒரு பியானோவிலிருந்து வருகிறது. அடுத்த அறையில் அவளுடைய பழைய காதலன், விடுதிக்காரன் ரிக், அதைக் கேட்டுக் கோபத்தோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறான், ஏனென்றால் பாட்டுச் சத்தம் அவன் காதுவரை போய்விட்டது. பின்னணி இசை எந்தக் கதாபாத்திரத்தின் காதுக்கும் போகாது. இந்தப் பாட்டு போகிறது, போனதால்தான் கதை திரும்புகிறது.

சாமாக நடித்துப் பாடிய டூலி வில்சன் டிரம்ஸ் வாசிப்பவர், பியானோ தெரியாது. கை அசைவு மட்டும் அவருடையது.

ஜூன் 7, காலை 8.00

அந்தப் பாட்டுக்கு ஆஸ்கார் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டியிலேயே சேர்க்க முடியாது. 1941-க்கான விருதை ஜெரோம் கெர்ன் இசையமைத்த 'தி லாஸ்ட் டைம் ஐ சா பாரிஸ்' வாங்கியது. அது படத்துக்காக எழுதியதில்லை, முன்பே இருந்த பாட்டு. கெர்னே அதை ஏற்கவில்லை, விதியை மாற்றச் சொன்னார். அதற்கப்புறம் படத்துக்கென்று எழுதிய பாட்டுக்கு மட்டும் விருது. விருதை வாங்கிய மனிதரே அந்த வழியை அடைத்தார்.

படம் ஓடியபோது டூலி வில்சனின் ரெக்கார்டு வந்திருக்க வேண்டுமே, வரவில்லை. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. அதனால் ரூடி வாலியின் 1931 ரெக்கார்டைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள். அது ஹிட்டானது. திரையில் பாடியவர் வெளியே நிற்க, 12 வருடத்துக்கு முன் பாடியவர் குரல் வீடுகளில் ஒலித்தது.

ஜூன் 8, இரவு 10.30

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "இதெல்லாம் படத்துக்குள் யாரோ பாடுவது. நான் கேட்பது கடையில் விற்ற ரெக்கார்டை அப்படியே படத்தில் வைப்பது." நியாயமான திருத்தம்.

பெரிய படம் ஒன்றைச் சொன்னால் 1955. 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தின் டைட்டிலில் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்'. 1954-ல் ஒரு ரெக்கார்டின் பின்பக்கமாக வந்து பெரிதாகப் பேசப்படாத பாட்டு. படத்தின் நாயகன் க்ளென் ஃபோர்டின் மகன் பீட்டர் அப்போது சின்னப் பையன். அவன் வைத்திருந்த ரெக்கார்டுகளிலிருந்துதான் அது படத்துக்குப் போனது. 1955 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம், அங்கேயே 8 வாரம்.

இன்னும் துணிச்சலானது 1963-ல் கென்னத் ஆங்கர் எடுத்த 'ஸ்கார்பியோ ரைசிங்'. அரைமணி நேரம்கூட இல்லாத சோதனைப் படம். வசனமே கிடையாது, 13 பாப் பாட்டுகள் வரிசையாக. மோட்டார் சைக்கிளைத் துடைக்கிற இளைஞர்கள், மேலே ரேடியோவில் வந்த காதல் பாட்டு. அதில் பாபி விண்டனின் 'புளூ வெல்வெட்' உண்டு. 1986-ல் டேவிட் லிஞ்ச் அதே பாட்டின் பெயரில் ஒரு படமே எடுத்தார். ஸ்கார்செஸியும் ஆங்கரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1973-ல் அவருடைய 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' தொடங்குகிறதே, ஒருவன் தலையணையில் சாய்கிறான், 'பீ மை பேபி'யின் டிரம்ஸ் அடிக்கிறது. அந்த டிரம்ஸுக்கு முன்னால் ஒரு வினாடி நிசப்தம் இருப்பதுபோல் எனக்கு எப்போதும் படும்.

ஜூன் 8, இரவு 11.15

'தி கிராஜுவேட்'டை (1967) மறந்துவிட்டேன். இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் படப்பிடிப்பு நாட்களில் காலையில் சைமன் அண்ட் கார்ஃபங்கல் ரெக்கார்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எடிட்டிங்கில் தற்காலிகமாக அந்தப் பாட்டுகளையே வைத்தார்கள். வேறு பாட்டு எதுவும் ஒட்டவில்லை, அதுவே நின்றது. எங்கள் மேசையிலும் இது வாராவாரம் நடக்கிறது. சும்மா வைத்த பாட்டுக்கு டைரக்டரின் காது பழகிவிட்டால் அதற்கப்புறம் யார் இசையமைத்தாலும் தோற்பார்.

'மிசஸ் ராபின்சன்' மட்டும் புதுப்பாட்டு. அதுவும் படம் முடியும்போது முழுசாக எழுதப்படவில்லை, அதனால் துண்டு துண்டாகத்தான் வரும். கடைசியில் நாயகன் திருமணத்தை நிறுத்தக் கார் ஓட்டிப் போகிறான், கிடார் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் பெட்ரோல் தீர்ந்து இழுத்து நிற்கிறது. கிடாரும் அதோடு சேர்ந்து மெதுவாகி நின்றுவிடுகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பாட்டு, காருக்குள் ஒரு கணம் மாட்டிக்கொள்கிறது.

ஜூன் 9, இரவு 11.40

'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973). என் தொழில் வாழ்க்கையில் என்னை அதிகம் மாற்றிய படம்.

1962-ல் ஒரு கோடை இரவு, கலிஃபோர்னியாவின் சின்ன ஊர், காரில் சுற்றும் பள்ளி முடித்த பிள்ளைகள். இசையமைப்பாளரே கிடையாது. 40-க்கு மேல் பாட்டுகள், எல்லாம் எல்லாக் கார்களிலும் ஓடும் ஒரே வானொலியிலிருந்து. அறிவிப்பாளர் உல்ஃப்மேன் ஜாக் உண்மையான வானொலிக்காரர். உரிமைகளுக்காகப் பதிப்பகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தொகை என்று பேசினார்கள். பாடகர் எல்விஸின் ரெக்கார்டு கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தக் காலத்து இளைஞர் படத்தில் எல்விஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை.

இயக்குநர் ஜார்ஜ் லூகாஸும் ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச்சும் இரண்டு மணிநேர வானொலி நிகழ்ச்சியாக எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார்கள். அப்புறம் அதைத் திறந்த வெளியில் ஸ்பீக்கரில் போட்டார்கள். லூகாஸ் ஸ்பீக்கரை ஏந்திக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்ப, மர்ச் தள்ளி நின்று மைக்கை வேறு திசையில் திருப்பிக்கொண்டே மறுபடி பதிவு செய்தார். சுவரில் பட்டு வருவது, காற்றில் தேய்வது, கார் கடக்கும்போது விலகுவது எல்லாம் அதில் விழுந்துவிடும். மிக்ஸிங்கில் ஒரு தடத்தில் சுத்தமான பாட்டு, மற்றத் தடங்களில் இந்தக் காற்றுப் பட்ட பாட்டு. வசனம் முக்கியமானால் பாட்டைக் கேமராவில் ஃபோகஸ் தள்ளுகிற மாதிரி பின்னால் மங்கவிடலாம். இதற்கு மர்ச் வைத்த பெயர் வேர்ல்டைசிங். பொள்ளாச்சி வயலைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு படத்தில் டீக்கடை ரேடியோ. கம்ப்யூட்டரில் எந்த எஃபெக்ட் போட்டும் பாட்டு கடைக்குள் உட்காரவில்லை, எண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. கடைசியில் நான் குடியிருந்த அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்துக்குக் காலை ஐந்து மணிக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுபோனேன். காவலாளி அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான். ஸ்பீக்கரைத் தூணுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன், ரெக்கார்டரோடு பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். இரண்டாவது டேக்கில் பால்காரர் டி.வி.எஸ்.ஸில் உள்ளே வந்து, எங்களைப் பார்த்து எஞ்சினை நிறுத்தினார். அந்த எஞ்சின் அடங்கும் சத்தத்துக்குள்ளிருந்து பாட்டு மெல்ல வெளியே வந்தது. அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது. பால்காரரையும் சேர்த்து.

ஜூன் 10, பகல் 2.15

'சாட்டர்டே நைட் ஃபீவர்' (1977) பழைய பாட்டா, புதுசா என்று கேட்டவருக்கு: இரண்டும் கலந்தது. பீ ஜீஸ் குழு கொடுத்த பாட்டுகள் புதுசு, பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டுடியோவில் பதிவானவை. படப்பிடிப்பில் நாயகன் டிரவோல்டா ஆடியது ஸ்டீவி வொண்டர், பாஸ் ஸ்காக்ஸ் ரெக்கார்டுகளுக்கு என்று அவரே சொல்லியிருக்கிறார். காலுக்குக் கீழே வேறு பாட்டை மாற்றி வைத்தும் ஆட்டம் பொருந்துகிறது.

'ஸ்டேயின் அலைவ்' பாட்டில் டிரம்ஸ்காரர் ஊரில் இல்லை. 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து இரண்டு பார் (தாளச் சுற்று) அளவு டேப்பை வெட்டி வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டார்கள். அந்தப் பாட்டின் நடை ஏன் அப்படி அசையாமல் போகிறது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் விடை. ஆல்பம் அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஜூன் 12, இரவு 10.50

பணம் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரு ரெக்கார்டைப் படத்தில் வைக்க இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதியவர் பக்கம் ஒன்று, அந்தப் பதிவு யாருடையதோ அவர்களிடம் இன்னொன்று. ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். 'ஈஸி ரைடர்' (1969) படத்தில் தி பேண்ட் குழுவின் 'தி வெயிட்' ஓடுகிறது. படத்தின் பாட்டு ஆல்பத்தில் அதே பாட்டை ஸ்மித் என்ற வேறொரு குழு பாடியிருக்கிறது, உரிமை கிடைக்காததால்.

சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 10,000 டாலருக்கும் குறைவான செலவில், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில், வார இறுதிகளில் எடுத்த படம். ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் குடும்பம். 1978-ல் திரையிடப்பட்டது. பால் ரோப்சன், டைனா வாஷிங்டன், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் என்று கறுப்பினப் பாட்டின் பல தலைமுறைகள் அதற்குள் இருக்கின்றன. அந்தப் பாட்டுகளின் உரிமை வாங்கப் பணமில்லாததால் படம் முறையாகக் கொட்டகைக்கு வரவே முடியவில்லை. 1990-லேயே அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக் கௌரவித்தாகிவிட்டது, ஆனால் சாதாரண ஜனம் டிக்கெட் எடுத்துப் பார்க்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமைகளுக்கு மட்டும் 150,000 டாலர். படத்தின் செலவைப் போல 15 மடங்குக்கு மேல்.

ஒரு காட்சி. இருட்டு அறை, ஜன்னலில் மட்டும் வெளிச்சம். சட்டையில்லாத கணவன், மனைவி, டைனா வாஷிங்டனின் 'திஸ் பிட்டர் எர்த்' ரெக்கார்டு. இருவரும் மெதுவாக, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே ஆடுகிறார்கள். அவள் கை அவன் முதுகில் எதையோ தேடுகிறது. பாட்டு முடிகிறது. அவன் விலகிப் போய்விடுகிறான். அவள் ஜன்னலோரம் தனியாக நிற்கிறாள். புதுசாகப் போட்ட ஒரு பாட்டு அந்த இடத்தில் இந்த வேலையைச் செய்திருக்காது. அந்த ரெக்கார்டை அவர்கள் காதலித்த நாட்களில் வாங்கியிருப்பார்கள் என்று பார்க்கிற நமக்கே தோன்றிவிடுகிறது, யாரும் சொல்லாமலேயே.

இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்று உண்டு. ஒரு இளம் இயக்குநரின் குறும்படத்துக்கு வேலை செய்தேன். கடைசிக் காட்சியில் ஒரு அம்மா துணி மடித்துக்கொண்டே ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு கேட்கிறார். உரிமை வைத்திருந்தவர்கள் கேட்ட தொகை குறும்படத்தின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல். பையன் அழாக்குறையாக நின்றான். பாட்டை எடுத்துவிட்டோம். அந்த அம்மா ரேடியோவின் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார், இரைச்சல் மட்டும் வருகிறது. பார்த்தவர்கள் நல்ல முடிவு என்றார்கள். எனக்கு இன்றைக்கும் அங்கே அந்தப் பாட்டுதான் கேட்கிறது.

ஜூன் 12, இரவு 11.25

ஒரு சேர்ப்பு. 2007 பிரதியிலும் ஒரு பாட்டு தப்பவில்லை. படத்தின் முடிவில் பர்னெட் வைத்திருந்தது டைனா வாஷிங்டனின் 'அன்ஃபர்கெட்டபிள்'. அனுமதி கிடைக்காமல் அந்த இடத்தில் 'திஸ் பிட்டர் எர்த்' இன்னொரு முறை வந்தது. சமீபத்திய 4கே பிரதியில்தான் பழைய முடிவு திரும்பியது.

ஜூன் 13, காலை 9.10

இரவு படுத்து யோசித்ததில், நான் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டேன் என்று பட்டது. படத்துக்கென்று எழுதிய பாட்டுகளைக் குறைத்துப் பேசிவிட்டேன். 'ஹை நூன்' (1952) முழுக்க டெக்ஸ் ரிட்டர் குரலில் ஒரே பாட்டு கடிகாரம் மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. 'ஷாஃப்ட்' (1971) பாட்டுக்கு ஐசக் ஹேய்ஸ் வாங்கியது, சிறந்த பாட்டுக்கான ஆஸ்காரை ஒரு கறுப்பினக் கலைஞர் வாங்கிய முதல் முறை. 'சூப்பர் ஃப்ளை' (1972) இன்னும் ஆழம். திரையில் போதைப்பொருள் விற்பவன் மிடுக்காக நடக்கிறான். கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாட்டு அவனைக் கொண்டாடாமல் பக்கத்தில் நின்று கண்டிக்கிறது. படத்தோடு வாக்குவாதம் செய்கிற பாட்டு. ஜோல்சன் பற்றி எழுதிய இடத்துக்கு இது பதில் மாதிரியும் இருக்கிறது.

ஜூன் 15, இரவு 9.30

பெண்கள் பாட்டே வரவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். வரட்டும்.

பாடகி டாலி பார்ட்டன் 1973-ல், தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாக்னரை விட்டுத் தனியே போவதற்காக 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' எழுதினார். எல்விஸ் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் பாட்டின் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார். எல்விஸ் பாடினால் போதும் என்று எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காலம். பார்ட்டன் கொடுக்கவில்லை. 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்கு விட்னி ஹூஸ்டன் பாடினார், 14 வாரம் முதலிடம், உரிமை முழுவதும் பார்ட்டனிடம். தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் வெறும் குரலாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் நாயகன் கெவின் காஸ்ட்னர். அந்த ஒரு யோசனைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 17, இரவு 11.55

கேள்விக்கே திரும்புகிறேன். இன்று டாரண்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) மறுபடி பார்த்தேன், ஹெட்ஃபோனில்.

கட்டிப்போட்ட ஒருவனின் காதை அறுக்கும் அந்தக் காட்சி. ஒருவன் கிடங்கில் ரேடியோவைத் திருகுகிறான். அறிவிப்பாளர் பேசுகிறார், ஸ்டீலர்ஸ் வீல் குழுவின் 1970-களின் பாட்டு வருகிறது, அவன் ஆடுகிறான். நடுவில் பெட்ரோல் கேன் எடுக்க வெளியே காருக்குப் போகிறான். கேமரா வெட்டாமல் கூடவே போகிறது. கதவைத் தாண்டியதும் பாட்டு தேய்ந்து மறைகிறது. வெளியே வெயில், தெருச்சத்தம், அமைதியான சாதாரணப் பகல். கேனோடு திரும்பிக் கதவுக்குள் நுழைந்ததும் பாட்டு அதே உற்சாகத்தோடு மேலே வந்து மூடுகிறது. பாட்டு நிற்கவில்லை, நாம்தான் வெளியே போயிருந்தோம். உள்ளே கட்டிப்போட்டிருந்தவன் அத்தனை நேரமும் அந்தப் பாட்டோடு தனியாக இருந்தான்.

பழைய ரெக்கார்டை வைப்பதை டாரண்டினோ தொடங்கவில்லை, ஆனால் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் மறக்கவே இல்லை. ரிக்கின் விடுதிப் பியானோ, கார்களின் வானொலி, வாட்ஸ் பகுதியின் அந்த இருட்டு அறை, இந்தக் கிடங்கு. என் காதுக்கு இவையெல்லாம் ஒரே வரிசை.

இப்போது கையில் இருக்கும் படத்தில் ஒரு சலூன் காட்சி இருக்கிறது, அலமாரி மேல் ரேடியோ. எங்கள் தெரு முனை சலூன்காரரிடம் பேசிவிட்டேன். நாளைக் காலை ஆறு மணிக்கு, கடை திறப்பதற்கு முன்னால், ஸ்பீக்கரோடு வரச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் பட்டு வரும் ஒலி எப்படி இருக்கிறது என்று வந்து எழுதுகிறேன்.